காலைச் சொட்டு

மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மாத்திரை இப்போதெல்லாம் பெட்டியிலிருந்துதான் வருகிறது. பெட்டி தினமும் காலையில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும். போதவில்லை என்றால் அதுவே அளவைக் கூட்டிவிடும்.

ஞானசிகாமணிக்கு இரண்டு மாதத்தில் மூன்று முறை கூட்டியிருந்தது. "மருந்து வேலை செய்யவில்லை" என்பதே தினமும் அதன் பதில்.

நேற்று அவர் ரத்தம் கசியும் ஈறில் பஞ்சை வைத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். அவர் ரத்தத்தில், உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. மருந்து அளவுக்கு மீறி வேலை செய்திருந்தது. ஆய்வகத்தின் வேறொரு இயந்திரத்திலும் சோதித்துப் பார்த்தேன்; அதே முடிவு. ஒன்றும் விளங்காமல் இன்று அவர் வீட்டுக்கே போனேன்.

"ஐயா, காலையில பெட்டியில விரலை வைக்கிறது நீங்கதான?"

அவர் மனைவியைப் பார்த்தார். எஸ்தரம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

"அவுகளுக்குக் குத்துனா ரத்தம் நிக்கவே மாட்டேங்கும்மா. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான் என் விரலை வச்சேன்."