சங்கிலி போட்ட சுமைதாங்கி

“ஏனுங்க அக்கா, மீன் கூடைய அங்க வெக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?”

ஜெகன் போட்ட சத்தத்தில் சத்திரத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. மதலேனம்மாள் மட்டும் அசையவில்லை. தோள் உயரச் சுமைதாங்கிக் கல்லின் மேல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு நிமிசந்தானுங்க தம்பி.”

“ரெண்டு நிமிசம் வெச்சா நாத்தம் நாள் பூரா நிக்குதுங்களே!”

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. கேரள எல்லையில், சித்தூர்ப் பக்கத்து ஆற்றங்கரையில் இருக்கும் அந்தக் கல் சத்திரம், ஒரு காலத்தில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் வண்டிக்காரர்கள் தங்கிய இடம். இடிந்து கிடந்ததை, கமிட்டி சேர்த்து, ஆபீஸ் ஆபீஸாக நாயாய் அலைந்து அவன்தான் எடுத்துக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை உத்காடனம், அதாவது திறப்பு விழா. எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்ட வருகிறார். வாசலில் மத்தி வாடை அடித்தால் யார் மானம் போகும்?

அதைவிட எரிச்சல் இன்னொன்று. மதலேனம்மாளிடம் ஸ்கூட்டர் இருக்கிறது! அதைப் புளியமரத்தடியில் நிறுத்துகிறாள். பின்னால் கட்டிய கூடையை அவிழ்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்து வருகிறாள். கல்லில் இறக்கி வைக்கிறாள். மறுபடி தலையில் ஏற்றிப் போய், மறுபடி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். தினமும் இதே கூத்து.

“வண்டி வெச்சிருக்கற ஆளுக்கு எதுக்குங்க சுமைதாங்கி?” என்று டீக்கடையில் கேட்டான் ஜெகன். “சத்திரம் பாக்க வர்றவங்ககிட்ட யாவாரம் பண்ண, அந்தக்கா இப்பவே எடம் புடிக்குது.”

டீக்கடையே தலையாட்டியது.

வாடைக்குச் சாட்சி போல, அவள் போனதும் பெரியவர் ஆறுச்சாமி குடத்தில் ஆற்றுத் தண்ணீர் கொண்டு வந்து கல்லைக் கழுவுவார். அவர் மகள் ஆனந்தி செத்தபோது, அவர் நட்ட கல் அது. பாவம், மனுஷர் எத்தனை நாளைக்குத்தான் மீன் நாற்றத்தைக் கழுவுவார்?

அன்று சாயங்காலமே ஜெகன் கல்லைச் சுற்றி இரும்புக் குழாய் நட்டு, சங்கிலி போட்டுப் பூட்டினான். பக்கத்தில் ஒரு போர்டும் வைத்தான்.

மறுநாள் தலையில் கூடையோடு வந்த மதலேனம்மாள் சங்கிலியைப் பார்த்தாள். குடத்தோடு எதிரே நின்ற ஆறுச்சாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டாள்.

“இனி நீங்க கழுவ வேண்டியதில்லைங்க பெரியப்பா. தொல்லை விட்டுது!” என்றான் ஜெகன். பெருமையாகப் போர்டையும் படித்துக் காட்டினான்.

“‘சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக நடப்படுவது. வழியில் போகிறவர்கள் இதில் தங்கள் சுமையை இறக்கினால், இறந்தவளின் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை.’ நல்லா இருக்குதுங்களா?”

ஆறுச்சாமி குடத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இப்ப யாருங்க தம்பி தலையில சுமக்கறாங்க? கடைசியா இருந்தது அந்தம்மா ஒண்ணுதான். அதுவும் வண்டி வாங்கிருச்சு. இனி எம்புள்ள கல்லுல சுமை எறக்க யாரிருக்காங்கன்னு அன்னிக்கு ஊட்டுல உக்காந்து அழுதனுங்க. மறுநா பாத்தா, வண்டிய புளியமரத்தடியிலயே நிறுத்திப்போட்டு, கூடையத் தலையில வெச்சுட்டு நடந்து வருது. நான் கேக்கவும் இல்ல, அது சொல்லவும் இல்ல.”

ஜெகன் குடத்தைப் பார்த்தான். “அப்ப நீங்க தெனமும் கழுவுனது?”

“வாடை அடிக்குதுன்னு அந்தம்மாள ஒருத்தரும் வையக் கூடாதில்லீங்க?”

ஜெகன் சட்டைப்பையில் சாவியைத் தேடினான். ஆறுச்சாமி சங்கிலிக்கு மேல் கையை நீட்டி, ஈரமில்லாமல் கிடந்த கல்லைத் தடவினார்.

“நேத்து வரைக்கும் எம்புள்ளைக்கு ஒரு ஆளாவது இருந்துச்சுங்க தம்பி.”