ஹந்தானைக்கு அனுமதி

கண்டியில் மஹ்ரூபின் விடுதிக்கு வந்த ஆர்மேனியாக்காரர், மூன்று நாளாகப் பால்கனியில் உட்கார்ந்து ஹந்தானை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்மேனியா எங்கே இருக்கிறது என்று தெரியாததால் மஹ்ரூப் அவரைச் சந்தேகப்பட்டார்.

"அந்த மலையில ஆமிக்காரங்க காவல் நிப்பாங்களான்னு கேக்கிறான். ஒற்றன்தான்! நம்மட விடுதியப் பூட்டிருவாங்க, பொலிசுக்குச் சொல்லுங்க" என்றாள் மனைவி சிபானா.

மஹ்ரூப் போனில் பொலிசுக்கு அழைக்கும்போதே ஆர்மேனியாக்காரர் இறங்கி வந்தார். "அந்த மலைக்குப் போக அனுமதி தருவார்களா?"

"எதுக்கு அனுமதி? த்ரீவீலர்ல அரை மணித்தியாலம்!"

அவர் கண் கலங்கியது. "எங்கள் அரராத் மலையும் இப்படித்தான் வீட்டு ஜன்னலில் தெரியும். பாட்டனார் பிறந்தது அதன் அடிவாரத்தில். இப்போது அது துருக்கிக்குள். எல்லையில் ராணுவம் நிற்கிறது; அதை மூடி முப்பது வருஷமாகிறது."

"ஹலோ, பொலிஸ்!" என்றது போன்.

"ரோங் நம்பர் சேர்" என்ற மஹ்ரூப், உள்ளே பார்த்துக் கத்தினார். "சிபானா, பிளாஸ்க்ல தேத்தண்ணி ஊத்து. மலைக்குப் போறோம்!"