காணாமல் போன மூன்று பங்கு

“நாலு பங்குல மூணு பங்கு தண்ணி நடுவழியில காணோம். எங்கண்ணே போகுது?”

சின்னக்கருப்பன் என் கையிலிருந்த கணக்குத் தாளையே பார்த்தார். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாகத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று புகார் வந்ததால், தோட்டத்து மேலாளர் துரை என்னை அளக்கக் கூப்பிட்டிருந்தார்.

மலை மேல் ஊற்றுத் தொட்டியில், குழாய் வாயில் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டேன். அறுநூறு மீட்டர் கீழே, லயத்து வாசலில் மஞ்சள் தண்ணீர் வரப் பத்து நிமிஷம். அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வேகம். அதைக் குழாய் வாயின் பரப்பால் பெருக்கினேன். நொடிக்கு எட்டு லிட்டர் வரவேண்டும். வாளி வைத்துப் பிடித்தால் இரண்டுதான் வந்தது.

“கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் வேலைக்கு வந்த அன்னிக்கு இந்த வாளி பத்து எண்ணுறதுக்குள்ள நெறைஞ்சுச்சு. இன்னிக்கும் அதேதான். லயத்துலதான் ஆளு கூடிப்போச்சு.”

“அப்ப கணக்கு பொய் சொல்லுதா?”

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் குழாயோடு நடந்தோம். பகல் பதினொரு மணிக்கும் பனி விலகவில்லை. முன்னால் போகிறவரின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கசிவு இல்லை. இடையில் யாரும் திருட்டுத்தனமாக ஒட்டிய குழாயும் இல்லை.

பாதி வழியில், ஆள் இல்லாத பழைய லயம். உள்ளே யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்.

நான் நின்றேன். சத்தமும் நின்றது.

“குமுதா அக்கா சார்,” என்றாள், கூட வந்த மலர். அவளும் லயத்துக்காரிதான். “ஊத்துத் தொட்டியில விழுந்து போய்ட்டாங்க. தாகம் அடங்கல.”

“ஒரு ஆளுக்கு மூணு பங்கா வேணும்?”

“வயித்துல புள்ளையோட போனாங்க சார்.”

“இதுக்கு முன்ன யாரும் சொல்லலியே?”

“முன்ன தண்ணி காணாமப் போகலியே.”

துரை பேயை நம்பவில்லை. “கிழவன் தண்ணிய வித்திருக்கான். கீழ அத்தனை காய்கறித் தோட்டம் இருக்கு, வாங்க ஆளா இல்ல?” ஞாயிற்றுக்கிழமைக்குள் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சின்னக்கருப்பனுக்கு வேறு வீடு கிடையாது.

இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. அந்தத் தாளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை, பழைய லயத்துப் பக்கம் ஜனம் கூடிவிட்டது. குழாய்க்கு மஞ்சள் பூசி, செவ்வந்தி மாலை சுற்றியிருந்தார்கள். துரையும் வேடிக்கை பார்க்க வந்து ஓரமாக நின்றார்.

சின்னக்கருப்பன் குழாய்முன் மண்டியிட்டார். “தாயி, குடிச்சது போதும். நான் திருடன் இல்லன்னு நீயாச்சும் சொல்லு.”

பனியில் சூடம் நமத்துப்போய்ப் பற்றவில்லை.

“காஞ்ச காகிதம் யார்கிட்டயாவது இருக்கா?” என்றாள் மலர்.

யாரிடமும் இல்லை. சின்னக்கருப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். “சார் படிச்சவங்க. நீங்க ஏத்துங்க. ஒங்களுக்காவது அவ எறங்குவா.”

ஒரு நிமிஷம் துரையைப் பார்த்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சுருட்டி, லைட்டரைத் தட்டினேன்.

சூடம் பிடித்துக்கொண்டது. “நல்லா இருப்பீங்க சார்,” என்றார் சின்னக்கருப்பன்.

குழாயின் பாதி அகலத்தைப் போடவேண்டிய இடத்தில் முழு அகலத்தையும் போட்டு, தண்ணீரை நாலு மடங்காகக் காட்டிய என் கணக்கு, கடைசி எண் வரை எரிந்து கருகும் மட்டும் நானும் அவர் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.