வாசல் வழியே ஓடுகிறவர்

ஆலிவ் கிளையில் சிவப்பு நாடாவை முடிந்துவிட்டு ஓரேஸ்தே மறுபடி ஓட ஆரம்பித்தார்.

நாளைக் காலை பந்தயம். கஸ்தெல்ரோவோவில் தொடங்கி, குன்று குன்றாக ஏறி இறங்கி, மூன்று பழைய கோட்டை ஊர்களைத் தொட்டுத் திரும்பும் பதினெட்டு கிலோமீட்டர். வெளியூர்க்காரர்கள் வழி தவறாமல் இருக்கத்தான் இந்த நாடா.

வழக்கமாக நாடா கட்டுகிறவர்கள் ஸ்கூட்டரில் போவார்கள். இவர் ஓடினார்.

எல்லாம் ஒரு தாளால் வந்த வினை. டாக்டர் சான்றிதழ் இல்லாமல் எந்தப் பந்தயத்திலும் பெயர் கொடுக்க முடியாது. நாற்பத்தோரு வருஷம் தவறாமல் கிடைத்த சான்றிதழ், அறுபத்தொன்பதாவது வயதில் நின்றுபோனது.

டாக்டர் லவீனியா இதயப் படத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "முடியாது" என்றாள். முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். காரணம் கேட்டதற்கு ஜன்னலைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளோடு ஓரேஸ்தேவுக்குப் பேச்சு கிடையாது.

ஆனால் நாடா கட்டுகிறவனுக்கு எந்தத் தாளும் தேவையில்லையே! பந்தயம் வேண்டாம், பதக்கம் வேண்டாம். இந்தப் பதினெட்டையும் கடைசியாக ஒரு முறை, ஓரடிகூட நடக்காமல், ஓடி முடித்துவிட்டால் போதும். அப்புறம் செருப்பு போட்டுக்கொண்டு மற்ற கிழவர்களோடு உட்கார்ந்து சீட்டாடலாம்.

முதல் ஊரான பியேவெ அல்தாவின் ஏற்றம் வந்தது. இந்த ஏற்றத்தில், வருஷக்கணக்காகக் கூட ஓடிய நண்பன் ஃபோஸ்கோ பாடுவான். மூச்சு மிச்சமிருக்கிறது என்று காட்டிக்கொள்ளத்தான் பாடுவான். பாட்டு எந்த வளைவில் நிற்கிறதோ அந்த வளைவில் ஓரேஸ்தே அவனை முந்துவார். "டேய், அடுத்த சரணம் மறந்துபோச்சுடா, அதான் நின்னேன்" என்று பின்னாலிருந்து கத்துவான்.

மேலே தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த குழாயில் இருவரும் தலையை நனைத்துக்கொள்வார்கள். பாதிரியார் ஜன்னலைத் திறந்து திட்டுவார். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஓரேஸ்தே தலையை நனைத்துக்கொண்டார். திட்ட ஆளில்லை என்பது அவருக்கு என்னவோ போலிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் முடிவெட்டும் ரேமோ, நுரை பூசிய முகத்தோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"என்னண்ணே, பந்தயம் நாளைக்குத்தானே? இன்னைக்கே ஓடி கப்பைத் தூக்கிட்டுப் போயிரலாம்னு பாக்குறீங்களா?"

"வேற யாரும் ஓடாத அன்னிக்குத்தான்டா நான் ஜெயிக்க முடியும்!"

ரேமோ சிரித்தான். சிரித்துவிட்டு, சவரம் செய்யப் போகிறவனைப் போல அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

அடுத்த ஊர் மோந்தெகோர்வோ. கால்கள் நன்றாகச் சூடு பிடித்திருந்தன. இருபது வயசு குறைந்துவிட்டது போலத்தான் இருந்தது. கோட்டை வாசலைச் சுற்றிக்கொண்டு வராமல், துணி துவைக்கும் தொட்டிக்குப் பின்னாலிருந்த படிகளில் ஏறி, யாரும் எதிர்பார்க்காத பக்கமாகச் சதுக்கத்துக்கு வந்தார்.

காப்பிக்கடை டெல்ஃபினா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டை வாசலையே பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வரலை டாக்டர். ரேமோ கடையத் தாண்டி இருபது நிமிஷம் ஆச்சாம். உதடு நீலமா இல்லையாம், பேச்சு நல்லா இருந்துச்சாம். இங்க வந்ததும் பாத்துட்டுச் சொல்றேன்."

ஓரேஸ்தேவுக்குச் சுருக்கென்றது. நாற்பத்தோரு வருஷம் இந்தக் குன்றுகளில் ஓடியவனை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் போல, ஊர் ஊராகக் கை மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்!

இடது பக்கம் செஸ்ட்நட் மரக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை பிரிந்தது. அடுத்த ஊருக்கு அதுதான் குறுக்கு வழி. நடுவில் ஒரு வீடு கிடையாது, எட்டிப் பார்க்க ஒரு முகம் கிடையாது. நாடா கட்டுகிற வேலையை ஸ்கூட்டர்காரர்கள் முடித்துக்கொள்ளட்டும். கோபத்தோடு அந்தப் பக்கம் நான்கைந்து அடி எடுத்து வைத்துவிட்டார்.

காலடிச் சத்தம் கேட்டு டெல்ஃபினா திரும்பினாள். அவரையும் அவர் போகும் பாதையையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஓடி வந்து போனை அவர் கையில் திணித்தாள்.

"மாமா," என்றாள் லவீனியா. மருத்துவமனையில் அவள் அப்படிக் கூப்பிடவில்லை. சின்ன வயசில், பந்தயம் முடியும் இடத்தில், அப்பா ஃபோஸ்கோவின் தோளில் உட்கார்ந்துகொண்டுதான் அப்படிக் கூப்பிடுவாள். "அப்பாவுக்கும் ஓடலாம்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஓரேஸ்தேவின் கால்கள் நின்றுவிட்டன.

போன செப்டம்பரில் ஃபோஸ்கோ இதே காட்டுப்பாதையில்தான் தனியாக ஓடப் போனான். காலையில் போனவனை, இதயம் நின்று கிடந்தவனாக, மாலையில்தான் கண்டுபிடித்தார்கள். அன்று ஓரேஸ்தேவுக்குப் பல்வலி. கூடப் போகவில்லை.

பிறகு அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். தார்ச்சாலைப் பக்கம் வந்து, முதல் விளக்குக் கம்பத்தில் நாடாவை முடிந்துவிட்டு ஓடினார். அழுகை வந்தது. ஓடுகிறவன் முகத்தில் அது வியர்வையோடு போய்விட்டது.

மூன்றாவது ஊரின் முதல் வீட்டில், ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவரைக் கண்டதும் அவசரமாக ஏப்ரனிலிருந்து போனை எடுத்தாள். எடுத்துவிட்டு, மாட்டிக்கொண்டவளைப் போல விழித்தாள்.

ஓரேஸ்தே நின்றார். கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து, கண்ணை மூடி, ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணினார்.

"நூத்தி முப்பத்திரெண்டு," என்றார். "சத்தமாச் சொல்லும்மா, அவளுக்கு நல்லாக் கேக்கணும்."