ஏரிக்கரைப் புல்

"மொதல்ல வாயப் பாரு. புல்லை அதக்கி வெச்சிருந்தா மருந்தையும் சேத்தித் துப்பிப்புடும்" என்றார் பொன்னுவேல்.

சின்னத்தாயி தன் குதிரை செவலையின் கடைவாயில் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை.

ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு போலிருந்தது அந்த மருந்துக் குழல். பல்லில்லாத இடுக்கில் அதை நுழைத்து, வெள்ளைப் பசை முழுவதையும் அடிநாக்கில் அழுத்தினார் பொன்னுவேல். செவலை தலையை உதறப் பார்த்தது. விழுங்கும்வரை அதன் முகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"குடல்ல இருக்கற புழுவெல்லாம் செத்து விழுந்துரும். லத்தியை வழிச்சுத் தூரமாக் கொட்டு."

"நொம்ப நன்றிங்ணா. மத்த குதிரைங்களுக்கெல்லாம்..."

"நீ உன் குதிரையைப் பாரு."

எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு, கடைசியாக நம்மிடம் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஏற்காடு ஏரியில் சவாரி விடும் குதிரைக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லிப் பெங்களூரிலிருந்து மருந்து வரவழைத்தவரும் அவர்தான்.

செவலை பிழைத்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். நாகலூர் காப்பி எஸ்டேட்டில் நிழல்மரக் கிளை கழிக்கப் போன புருஷன் அய்யாக்கண்ணு விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தான். அவன் ஓட்டிய குதிரையை இப்போது இவள் பிடித்தாள். அதுவோ எலும்பும் தோலுமாகி, போன வாரம் நடுச் சவாரியில் வயிற்றுவலி தாங்காமல் படுத்துப் புரண்டது.

மறுநாள் காலை வழக்கம்போல ஏரிக்கரைச் சரிவில் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனாள்.

"நில்லு!" பொன்னுவேல் குறுக்கே வந்தார். "இனிமே இது இந்தப் புல்லுல வாய் வைக்கக் கூடாது."

"ஏனுங்ணா?"

"புழு விழுகற குதிரை. அக்கட்டால ஓட்டிக்கிட்டுப் போ. சவாரிக்கு வந்தாலும் தனியாக் கட்டு. நான் சொல்ற வரைக்கும் எங்க குதிரைங்க பக்கத்துல கொண்டாராதே."

மற்ற குதிரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஜேசுதாஸ் சிரித்தான்.

"பொம்பளை புடிக்கற குதிரை தானுங்களே. பொட்டு வெச்சு ஊட்டுக்குள்ளயே கட்டிக்கச் சொல்லுங்க!"

சின்னத்தாயி செவலையைத் திருப்பினாள். கண்ணீர் படகுத்துறை தாண்டித்தான் வந்தது.

வீட்டில் அய்யாக்கண்ணு குதித்தான், கட்டிலில் கிடந்தபடியே. "அவன் ஊட்டுப் புல்லா அது? சர்க்காரு புல்லு! நான் எந்திரிச்சு வாரேன், இரு."

"நீங்க எந்திரிச்சு வாரதுக்குள்ள புல்லே காஞ்சு போயிரும். சும்மாப் படுங்க."

அன்றிலிருந்து நாகலூர் ரோட்டோரம் புல் அறுத்துத் தலையில் சுமந்து வந்து போட்டாள். லத்தியை வழித்துத் தூரத்துக் குழியில் கொட்டினாள். கழுத்து வலித்தது. ‘புழு விழுகற குதிரை’ என்ற அந்தச் சொல் அதைவிட வலித்தது.

மலையெங்கும் காப்பிப் பூ வெளுத்தது, உதிர்ந்தது. சீசன் வந்தது.

செவலையின் விலா மறைந்து, வறுத்த காப்பிக்கொட்டை போல மேனி பளபளத்தது. சேலத்திலிருந்து மாருதி வேனில் வந்திறங்கிய பிள்ளைகள், தனியே நின்ற அந்தக் குதிரையை நோக்கித்தான் ஓடி வந்தார்கள்.

"ஏம்மா, அப்படி என்னதான் தீனி போடறே?" என்றான் ஜேசுதாஸ்.

"உங்க கரைப் புல்லைத் தவிர எல்லாந்தானுங்க."

அவனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

பொன்னுவேலின் வெள்ளைக் குதிரைதான் ஒடுங்கியிருந்தது. முடி மங்கி, வயிறு மட்டும் உப்பி, விலா எண்ணலாம்போல நின்றது. ஒரு தாய் தன் குழந்தையை அதன் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனதைச் சின்னத்தாயி பார்த்தாள். கொஞ்சம் இனித்தது. வாயில்லாத ஜீவன் என்ன செய்யும் என்றும் தோன்றியது. ஆனாலும் இனித்தது.

அன்று சாயங்காலம், கூட்டம் கலைந்தபின், நேரே அவரிடம் போனாள். அவர் வெள்ளையின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, உங்க குதிரையைவிட என் குதிரை நல்லாத்தானே இருக்குது? இன்னுமா அதுகிட்டப் புழு இருக்குது?"

அவர் வெள்ளையின் பிடரி மயிரை ஒதுக்கிவிட்டார்.

"ஊரே பாக்க வெரட்டுனீங்க. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். நாளையிலிருந்து இந்தப் புல்லுலதான் மேய விடப்போறேன். முடிஞ்சாத் தடுத்துக்குங்க."

பொன்னுவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜேசுதாஸ் எட்டத்தில் சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"மெதுவாப் பேசு கண்ணு. இவனுங்க காதுல விழுந்தா, பொழைக்கத் தெரியாதவன்னு என்னையக் கேலி பண்ணியே கொன்னுபுடுவானுங்க."

"எதுக்குங்க கேலி?"

"புழு இருக்கறது எங்க குதிரைங்ககிட்ட. இந்தக் கரையெல்லாம் அதுங்க போட்ட லத்திதான், புல்லெல்லாம் புழு முட்டைதான். டாக்டரு என் வெள்ளைக்குன்னு வரவழைச்ச ஒரே மருந்தை உன் செவலைக்குப் போட்டுட்டு, மறுபடியும் அதை இந்தப் புல்லுலயே மேய விட எனக்கு மனசு வருமா?"