மீன் வராத மேஜை

"அந்த மேஜையில இனிமே நான் உட்கார மாட்டேன்!"

கேபின் கதவைச் சாத்தியதுமே ஷியாமளா அறிவித்துவிட்டாள்.

எல்லாம் மகள் தாரிணியின் வாயால் வந்த வினை. மேல்தளத்து பஃபேயில் மத்தியானம் தியாகராசா அங்கிளும் சிவகொழுந்து ஆன்ட்டியும் நண்டு சாப்பிட்டதைப் பார்த்ததாக, பதிமூன்று வயசுப் பெண் பேச்சுவாக்கில் உளறிவிட்டது.

அபுதாபியில் கிளம்பி தோஹா, பஹ்ரைன் என்று சுற்றிவரும் உல்லாசக் கப்பல் அது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாருக்கு எந்த மேஜை என்று முதல் நாளே ஒதுக்கிவிடுவார்கள். இறங்குகிறவரை அதே மேஜை, அதே முகங்கள். அபுதாபி முசஃபாவில் மேனேஜராக இருக்கும் ஸ்ரீனிவாசன் குடும்பத்துக்கு வாய்த்தது, குவைத்தில் ஃபஹாஹீலிலிருந்து வந்திருந்த இந்த யாழ்ப்பாணத்துத் தம்பதி.

முதல் நாள் ஷியாமளா பயந்துகொண்டேதான் உட்கார்ந்தாள். பக்கத்துத் தட்டில் மீன் இருந்தால் அவளுக்குக் குடலைப் புரட்டும். சிவகொழுந்து அம்மாளோ மெனுவைத் திறக்கக்கூட இல்லை.

"இண்டைக்கு எங்களுக்கு விரதம். மரக்கறி போதும்."

மறுநாளும் விரதம். அதற்கு மறுநாளும் விரதம்.

"என்ன ஆசாரம் பாருங்கோ! ஏகாதசி என்னிக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று ஷியாமளா கணவரை இடித்துக்கூடக் காட்டியிருந்தாள். அவள் மெச்சிய ஆசாரம் இப்போது மேல்தளத்தில் நண்டு உடைத்துக்கொண்டிருக்கிறது!

"விரதமாம் விரதம்! வாய் கூசாம பொய்!"

"கலாஸ், விடு ஷியாமளா" என்றார் ஸ்ரீனிவாசன். "கடல்ல வந்தவா நண்டு சாப்பிடாம புடலங்காயா சாப்பிடுவா?"

"நீங்க பேசாதீங்கோ. சாப்பிட்டதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை. ஏமாத்தினதுதான் தாங்கலை. மேஜையை மாத்தியே ஆகணும்."

தாரிணிக்கு அழுகையே வந்துவிட்டது. கப்பலில் இன்டர்நெட் கிடையாது. அவள் வயசுக்குத் தோழிகளும் கிடையாது. இருந்தது அந்த இரண்டு பேர்தான். சாப்பாடு முடிந்ததும் முந்நூற்றி நாலு என்று ஒரு சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்து, நாலாவது கைக்கு அப்பாவையும் இழுத்து உட்காரவைத்து, அவள் ஜெயித்தால் "பிள்ளை கெட்டிக்காரி!" என்று அங்கிள் மேஜையைத் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் ராத்திரி எப்போது வரும் என்று காத்திருப்பாள்.

"மாத்தாதேம்மா, ப்ளீஸ்! அவங்க என் ஃப்ரெண்ட்ஸ்."

"பொய் சொல்றவா சகவாசம் உனக்கு வேண்டாம்."

ஷியாமளா விறுவிறுவென்று டைனிங் ஹாலுக்கு நடந்தாள். தாரிணி பின்னாலேயே ஓடினாள். அங்கே பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் கீழக்கரைக்காரர் நிஜாம்.

"எங்களுக்கு வேற மேஜை வேணும். மீன், மாமிசம் எதுவுமே வராத மேஜையா பார்த்துக் கொடுங்கோ."

நிஜாம் தலையைச் சொறிந்தார். "அப்படி ஒரு மேஜை இந்தக் கப்பல்லயே ஒண்ணுதான் மேடம் இருக்கு. அது உங்களோடதுதான்."

"என்ன சொல்றீங்க?"

"முதல் நாள் வாசல்ல நின்னு, பக்கத்துல யாராவது மீன் சாப்பிட்டா எழுந்து போயிடுவேன்னு சார்கிட்ட சத்தமா சொன்னீங்கல்ல? அந்த அம்மா உங்க பின்னாலதான் நின்னாங்க. நேரா என்கிட்ட வந்து, 'எங்களாலை அந்தப் பிள்ளையின்ரை சாப்பாடு கெடக்கூடாது தம்பி, எங்கட மேசைக்கு மரக்கறி மட்டும் கொண்டு வாங்கோ'ன்னுட்டாங்க. நேத்து இறால் ஸ்பெஷல். அந்த ஐயா பக்கத்து மேஜையையே பார்த்துக்கிட்டு கேரட்டை மென்னாரு. எனக்கே பாவமா இருந்துச்சு."

ஷியாமளாவின் முகத்தில் அசடு வழிந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. அவளுக்காக இப்படி வாயைக் கட்டியவர்கள் அதுவரை யாருமே இல்லை.

"மேஜையை மாத்தவா மேடம்?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்!"

அன்று ராத்திரி அவளுக்கு மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. எதிரில் கேரட்டை மெல்லும் பெரியவரைப் பார்க்கப் பார்க்கக் குற்ற உணர்ச்சிதான் ஏறியது. மறுநாள் மத்தியானம், ஸ்ரீனிவாசன் டெக்கில் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனதும், தாரிணியின் கையைப் பிடித்தாள்.

"வா, பஃபேக்கே போய் மன்னிப்புக் கேட்டுடலாம். என் எதிர்லயே தாராளமா சாப்பிடட்டும். நான் மூக்கை மூடிக்கறேன்."

"ராத்திரி கேட்டுக்கலாமே அம்மா..." தாரிணி ஏனோ படியிலேயே இழுத்தாள்.

"நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது. யல்லா, நட!"

ஜன்னலோர மேஜை. பெரிய தட்டு நிறைய நண்டு. அந்தப் பக்கம் அங்கிளும் ஆன்ட்டியும். இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, கொடுக்கைக் கடைவாயில் கொடுத்து நறுக்கென்று கடித்து, கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார் ஒருவர். அவர் போட்டிருந்த சட்டையைக் காலையில் ஷியாமளாதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"ஏன்னா!"

ஸ்ரீனிவாசன் திரும்பினார். வாய் நிறைய நண்டு.

தியாகராசா பதறி எழுந்து, தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, பிழையா நினைக்காதேங்கோ! நண்டு முழுக்க எங்கட. எனக்குப் பல்லுச் சரியில்லை எண்டு இவர் கடிச்சு உடைச்சுத் தாறார், அவ்வளவுதான்!"