ஆறு முதல் பன்னிரண்டு வரை

"கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்ச பிள்ளையா?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் சுதாராணி.

எதிரே உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா திருப்பதி முந்திக்கொண்டார்.

"ஆமான்னே போடு தாயி. எட்டாப்பு வரைக்கும் எங்க ஊர் கவர்மெண்டு ஸ்கூல்தான். அதுக்குத் தனியா சீட்டு உண்டுல்லா?"

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே சுதாராணியின் செராக்ஸ் கடை. மூன்று கணினிகளில் ஒன்றுதான் ஓடியது. கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டே நாள்.

நீட் மூன்றாவது முறையும் கைவிட்டதிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

நர்சிங் போகிறேன் என்றாள் செல்வி. ராத்திரி வேலை, வேண்டாம் என்றார். லேப் டெக்னீசியன் என்றாள். ரத்தம் உறிஞ்சி எடுக்கவா இத்தனை வருசம் படிச்சே என்றார். வேளாண்மை என்றபோது சிரித்தேவிட்டார். பசுவந்தனைப் பக்கம் அவருக்கு நாலு ஏக்கர் கரிசல். வானம் பார்த்து உளுந்து போடுவதற்குப் பட்டம் எதற்கு?

கடைசியில் மாட்டு டாக்டரில் வந்து நின்றார்கள். ஆடோ மாடோ, பிள்ளை பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கும்.

போன வருடமே நீட்டை விட்டுவிடச் சொன்னார். இவள்தான் இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஒற்றைக் காலில் நின்றாள். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். பிடிவாதக்காரி என்று அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துக்கொண்டார்.

விண்ணப்பம் போடுவதெல்லாம் எப்போதும் அவள்தான், அவள் போனிலேயே. இந்த முறையாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று அவரும் கிளம்பி வந்தார். நீங்க எதுக்குப்பா அலையுதீங்க என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு விவரம் பத்தாது, எதையாவது விட்டுவிடுவாள்.

சுதாராணி நாற்காலியைத் திருப்பினாள்.

"அப்படி இல்ல அண்ணாச்சி. ஆறாப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கனயே படிச்சிருக்கணும். நடுவுல ஒரு வருசம் பிரைவேட்டுக்குப் போனாலும் போச்சு. அந்த ஏழரை பர்சென்ட்டு கெடைக்காது."

"மாட்டு டாக்டருக்கா?"

"எல்லாத்துக்கும்தான். எம்.பி.பி.எஸ்.சுக்கும் இதே கணக்குதான்." செல்வியிடம் திரும்பினாள். "நீட்ல எவ்வளவும்மா எடுத்த?"

செல்வி வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"அட, அங்கனயே படிச்சிருந்தா இந்த மார்க்குக்கு இந்நேரம் வெள்ளைக் கோட்டு மாட்டியிருப்பியே!"

சொன்ன பிறகுதான் சுதாராணி இருவர் முகத்தையும் பார்த்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு டி.சி. வாங்கியது திருப்பதிதான்.

கோவில்பட்டியில் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டார். ஊர்ப் பள்ளிக் கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்து, நல்லாப் படிக்கிற பிள்ளை, எங்ககிட்டயே இருக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "ஒங்க பிள்ள எங்க சார் படிக்குது?" என்று திருப்பிக் கேட்டதும் வாத்தியார் தேநீரைக்கூடக் குடித்து முடிக்காமல் போனார். டீக்கடையில் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

"இந்தக் கோட்டா எப்ப தாயி வந்துச்சு?"

"கொரோனா வருசம், அண்ணாச்சி."

செல்வி அப்போது பத்தாம் வகுப்பு. ஒரே வருடம் முந்திவிட்டார்.

மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரிடம் போய்க் கேட்பது? கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாமா? என்னவென்று எழுதுவது? என் பிள்ளையை நான்தான் மாற்றினேன் என்றா?

அதைவிட, இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை என்ன ஆகப்போகிறாளோ என்றுதான் பயந்தார். மூன்று வருடமாக, பிசிக்ஸ்ல கோட்டை விட்டுட்டேன்பா என்று அவள் தலை குனிந்து நிற்பாள். அவர் திட்டித் தீர்ப்பார். இனி அவளுக்கு என்ன சொல்வது? பக்கத்தில் இருந்தும் அவள் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

"அப்ப இல்லைன்னு போட்டுருதேன்," என்றாள் சுதாராணி தயக்கமாக. "அண்ணாச்சி?"



செல்வி குறுக்கே கையை நீட்டி மௌஸை வாங்கினாள். கட்டம் எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. 'இல்லை'யை அழுத்தினாள். ஒரு எச்சரிக்கை வந்து விழுந்தது. படிக்காமலே அதற்கும் சரி கொடுத்தாள். அடுத்த பக்கம் திறந்தது.

திருப்பதி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஒனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"பத்தாப்பு படிக்கையிலயே தெரியும்பா. பேப்பர்ல போட்டிருந்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேட்டி."

"சொல்லி? மறுபடி ஒன்பதாப்புக்குப் போயிர முடியுமா?"

அவள் திரையிலிருந்து திரும்பவே இல்லை. முகவரியை ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டே சொன்னாள்.

"கோட்டா இல்லாமலே சீட்டு வாங்கிட்டா, ஒங்களுக்குத் தெரியவே வேண்டாம்னு நெனச்சேன்பா."